கார்மின் கருவியில் பாதைக் கோட்டின் நிறம் மாறாதது பற்றி

கார்மின் ஜிபிஎஸ் கருவியில் வரைபடத்தின் கோடுகளும் நிறங்களும் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் டைப் (TYP) கோப்பிலுள்ள ஃபேமிலி ஐடியை, அதாவது அது எந்த வரைபடத்துக்கு உரியது என்று காட்டும் எண்ணை, வரைபடத்தின் ஃபேமிலி ஐடியோடு ஒப்பிட்டு இரண்டையும் ஒன்றாக்குங்கள். நடைபாதையைச் சிவப்புக் கோடாக மாற்றிய பிறகும் கருவி தன் இயல்பான மெல்லிய கோட்டையே காட்டுகிறது என்றால், பெரும்பாலும் இந்த எண் பொருந்தாததே காரணம். கார்மின் வரைபடங்களைத் தயாரிக்கும் எம்கேஜிமேப் (mkgmap) என்ற மென்பொருளைக் கொண்டு வரைபடத்தை உருவாக்கும்போது எண் எதையும் குறிப்பிடாவிட்டால் அது 6324 என்று எடுத்துக்கொள்ளும். டைப் கோப்பில் வேறு எண் இருந்தால், கருவி எந்தப் பிழைச் செய்தியும் தராமல் அதைப் புறக்கணித்துவிடும். புராடக்ட் ஐடி என்ற இன்னோர் அடையாள எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எண்கள் சரியாக இருந்தும் மாற்றம் தெரியாவிட்டால், நெடுஞ்சாலைக்குக் கண்ணை உறுத்தும் ஊதா நிறம் கொடுத்துப் பாருங்கள். அது ஊதாவாகத் தெரிந்தால் கோப்பு படிக்கப்படுகிறது என்று பொருள். அப்போது கோளாறு, நடைபாதைக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த கோட்டு வகை எண்ணில் (ஒவ்வொரு வகைக் கோட்டையும் குறிக்கும் எண்ணில்) தான் இருக்க வேண்டும்.

புள்ளிக்கோடு வேண்டுமானால், அதன் வடிவம் 32 பிக்சல் அகலத்துக்குள் அமைந்து திரும்பத் திரும்ப வரும் என்பதை மனத்தில் கொண்டு வரையுங்கள். இரவு நிறத்தைத் தனியாகக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். பகலில் தெளிவாகத் தெரியும் அடர்சிவப்பு, கரும்பின்னணியில் ஏறக்குறைய மறைந்தே போகும்.