உள்ளலங்காரம் கேள்வி பதில்: முதலில் இடமும் வெளிச்சமும், அப்புறம்தான் சாமான்

கேள்வி: இன்டீரியர் டிசைன் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அடிப்படைக் கூறுகள் என்று ஒரு பட்டியல், கோட்பாடுகள் என்று இன்னொரு பட்டியல். இரண்டும் குழம்புகிறது.

பதில்: நீங்கள் கையாளும் சரக்குதான் கூறுகள். இடம், கோடு, வடிவம், வெளிச்சம், நிறம், சொரசொரப்பு வழவழப்பு போன்ற மேற்பரப்புத் தன்மை, பேட்டர்ன் என ஏழைச் சொல்வது வழக்கம். அவற்றை எப்படிச் சேர்ப்பது என்று சொல்பவை கோட்பாடுகள்: சமநிலை, அளவுப் பொருத்தம், தாளம், மாறுபாடு, ஒருமை, கண்ணை முதலில் இழுக்கும் மையப்புள்ளி. சோபா நீலமாக இருந்தால் அந்த நிறம் ஒரு கூறு. அதே நீலம் எதிர்ச்சுவர்ப் படத்திலும் ஜன்னலோரக் குஷனிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தால் அது தாளம். ஏழும் சமம் என்று பாடத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் இடமும் வெளிச்சமும் மற்ற ஐந்துக்கும் மேலே. இந்த இரண்டும் சரியில்லாத அறையை எந்த நிறமும் காப்பாற்றாது.

கேள்வி: எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. சாமான் எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளிவிட்டேன். அப்படியும் நெரிசலாகவே இருக்கிறது.

பதில்: நடுவில் எவ்வளவு காலி என்பதைவிட, ஆள் நடக்கிற வழியில் எவ்வளவு காலி என்பதுதான் முக்கியம். வாசலிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் பிரதான வழிக்குச் சுமார் 90 செ.மீ. விடுங்கள். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ. போதும், கையும் எட்டும், முழங்காலும் இடிக்காது. சாப்பாட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்து எழ மேசை விளிம்பிலிருந்து 90 செ.மீ. வேண்டும்.

கிராஃப் தாளில் 1 மீட்டருக்கு 5 செ.மீ. என்று அறையை வரைந்து, சாமான்களையும் அதே அளவில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். எது வழியை மறிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு பொருளை வெளியேற்ற வேண்டியிருக்கும். தரை வரை மூடிய சோபாவைவிடக் கால் வைத்த சோபா அடியில் தரையைக் காட்டும், அறை பெரிதாகத் தெரியும். காலி இடத்தையும் ஒரு பொருளாக எண்ணி அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: கடையில் பிடித்துப்போய் வாங்கிய இளஞ்சாம்பல் பெயின்ட் சுவரில் ஊதாவாகத் தெரிகிறது. பெயின்ட் மாறிவிட்டதா?

பதில்: மாறியிருக்க வாய்ப்பு குறைவு. அறைக்குள் ஒரு நிறம் தனியாக இருப்பதே இல்லை.

முதல் காரணம் விளக்கு. பல்பு வெளிச்சத்தின் நிறச்சாயலைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். 2700 கெல்வின் பல்பு நிறங்களை மஞ்சள் பக்கம் இழுக்கும், 6500 கெல்வின் பல்பு நீலப் பக்கம் இழுக்கும். பல்பு அட்டையில் சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 90க்கு மேல் இருந்தால் நல்லது. இரண்டாவது, தரை. சிவப்புத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியைச் சிவக்க வைக்கும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்து நிறம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் மங்கித் தெரிகிறது என்று புகார் வந்தது. அங்கே சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரல் ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நிறங்களில் இருந்தது. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் (நிறச் சக்கரத்தில் நேரெதிரே இருப்பது; மஞ்சளுக்கு ஊதா) சாயலைப் பக்கத்தில் இருப்பதன்மேல் ஏற்றிவிடும் என்பதை 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். உங்கள் சாம்பல் சுவருக்குப் பக்கத்தில் மஞ்சள் திரைச்சீலையோ மஞ்சள் சாயல் மரக்கதவோ இருந்தால் ஊதாச் சாயல் தெரிவதில் வியப்பில்லை.

மறுபடி பூசுவதற்கு முன் பல்பை மாற்றிப் பாருங்கள், திரையைக் கழற்றிப் பாருங்கள். அடுத்த முறை ஒரு பெரிய அட்டையில் பூசி, அதை நான்கு சுவர்களிலும் சாய்த்துவைத்துக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பார்த்தபின் முடிவெடுங்கள். தீக்குச்சிப் பெட்டி அளவு மாதிரியை நம்பவே வேண்டாம்.

கேள்வி: கூரை நடுவில் ஒரே ஒரு பெரிய எல்.இ.டி. போதாதா?

பதில்: வெளிச்சம் போதும், அறை தட்டையாகிவிடும். பொதுவான வெளிச்சம், படிக்கவும் சமைக்கவும் வேலைக்கான வெளிச்சம், ஒரு படத்தையோ செடியையோ எடுத்துக்காட்டும் வெளிச்சம் என்று மூன்று அடுக்காக யோசியுங்கள். மூன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைத்தால் ஒரே அறை மாலையில் வேறு அறையாகும். சுவர்மேல் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்காவது இருக்கட்டும்.

கேள்வி: சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு எவ்வளவு உயரத்தில்?

பதில்: மேசைப் பலகையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. மேலே. எதிரே இருப்பவர் முகத்தை மறைக்கக் கூடாது, பல்பு கண்ணில் அடிக்கவும் கூடாது.

கேள்வி: கூரை தாழ்வு. சுவரில் நெடுக்குக் கோடு போட்டால் உயரமாகத் தெரியும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கிடைக்கோடு நிரப்பிய சதுரம்தான் உயரமாகத் தெரிகிறது என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறார். வால்பேப்பரை நம்புவதைவிடத் திரைக்கம்பியைக் கூரைக்குப் பக்கத்தில் ஏற்றித் திரையைத் தரை வரை விடுங்கள். சாமான்களைத் தாழ்வாகத் தேர்ந்தெடுங்கள். சுவரும் கூரையும் ஒரே வெளிர்நிறமானால் இரண்டும் சேரும் கோடு மங்கும், கூரை தலையில் இடிப்பதுபோலத் தெரியாது.

கேள்வி: சமநிலை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா மேடம்?

பதில்: தேவையில்லை. அது ஒரு வகை; அமைதியாக இருக்கும், கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும். ஒரு பக்கம் உயரமான விளக்கு, மறுபக்கம் குள்ளமான ஆனால் அடர்நிற அலமாரி என்று வைத்தாலும் எடை சரியாகும். அடர்நிறம், சொரசொரப்பு, நுணுக்கமான வேலைப்பாடு எல்லாமே கண்ணுக்குக் கனம்.

கேள்வி: 60-30-10 நிற விதியை மீறலாமா?

பதில்: தாராளமாக. சுவர் போன்ற பெரும்பரப்புக்கு ஒரு நிறம் (60 சதவீதம்), சோபா, திரைக்கு இன்னொன்று (30), சின்னப் பொருள்களுக்கு மூன்றாவது (10) என்று தொடங்க அது நல்ல பிடிமானம். ஒரே நிறத்தில் முழு அறையையும் செய்யலாம். அப்போது மேற்பரப்புகளை மாற்ற வேண்டும். சணல், மரம், கம்பளி, கண்ணாடி என்று கலக்காவிட்டால் உயிர் இருக்காது.

கேள்வி: பூப்போட்ட சோபா வைத்திருக்கிறேன். கோடு போட்ட குஷன் சேருமா?

பதில்: சேரும், அளவு வேறாக இருந்தால். பூ பெரியதென்றால் கோடு ஒல்லியாக இருக்கட்டும். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் மிகச் சின்னப் புள்ளி. பூவில் இருக்கும் ஒரு நிறம் கோட்டிலும் இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். தரைவிரிப்பை வெறுமையாக விடுங்கள்.