25,000 ரூபாய்க்கு எலெக்ட்ரிக் டர்போ மாட்டலாமா?

கேள்வி: என்னுடையது எட்டு வருடப் பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குக் குடும்பத்தோடு போவோம். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. 12 வோல்ட் எலெக்ட்ரிக் டர்போ மாட்டினால் இழுவை கூடும், கூலியோடு 25,000 ரூபாய் என்கிறார் ஒரு கடைக்காரர். அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் 90,000 ரூபாயிலிருந்து எடுக்கலாமா? வீட்டுச் செலவு மாதம் 30,000.

பதில்: எடுக்க வேண்டாம். அந்த 90,000 உங்களுக்கு மூன்று மாதத்துக்குத்தான் வரும். அதையே ஆறு மாதமாக உயர்த்தச் சொல்லலாம் என்றிருந்தேன்.

எலெக்ட்ரிக் டர்போ நல்ல தொழில்நுட்பம்தான். டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. சாதாரண டர்போ, இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்வது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் புகை பெருகி டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரமாகும். அந்தத் தாமதத்தை மின் மோட்டார் போக்குகிறது. ஆடி 2016-ல் எஸ்க்யூ7 காரில் வைத்த, மோட்டாரால் சுழன்று காற்றைத் தள்ளும் மின் கம்ப்ரஸர் கால் நொடிக்குள் வேகம் பிடித்து, நிமிடத்துக்கு 70,000 சுற்று வரை போகும். ஆனால் அதற்கு 7 கிலோவாட் மின்சாரம் வேண்டும். அதற்காகவே தனி பேட்டரியும் 48 வோல்ட் வயரிங்கும் போட்டார்கள். போர்ஷே 2024-ல் 911 காரெரா ஜிடிஎஸ்ஸின் டர்போவுக்குள் மோட்டார் வைத்தபோது 400 வோல்ட்டுக்கே போய்விட்டது.

சரி, உங்கள் காருக்கு வருவோம். 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 3,600 லிட்டர் காற்றை இழுக்கும். அவ்வளவு காற்றையும் அரை பார் (வளிமண்டல அழுத்தத்தில் சுமார் பாதி) கூடுதல் அழுத்தத்தில் தள்ள 3 கிலோவாட்டுக்கு மேல் தேவை. 12 வோல்ட்டில் அது 250 ஆம்பியர். சின்னக் காரில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியர் தந்தாலே பெரிது. கடையில் அந்த எலெக்ட்ரிக் டர்போ பெட்டியைக் கையில் வாங்கி வயரைப் பாருங்கள். அவ்வளவு மின்சாரம் ஓட வேண்டுமென்றால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கேபிள் மாதிரி விரல் தடிமன் வேண்டும். நான் பார்த்த பெட்டிகளில் இருந்தது மெல்லிய வயரும் பிளாஸ்டிக் விசிறியும்தான். அந்த விசிறி இன்ஜினுக்குப் போகும் காற்றை மறிக்கவே செய்யும்.

அப்புறம் சட்டம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் மாட்டினால் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டிலும் சிக்கல் வரும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த இன்ஜினுக்கும் இழுவை குறையும். குன்னூருக்கு மேலே மட்டும் திணறினால் பெரும்பாலும் அதுதான் காரணம், கியரைக் குறைத்து ஓட்டுங்கள். குன்னூருக்குக் கீழே உள்ள பர்லியாருக்கு முன்பே திணறினால் வண்டியில் கோளாறு இருக்கலாம். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு), கிளட்ச் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் குறைந்திருந்தாலோ கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தாலோ செலவு கூடும். அதை மாதச் சம்பளத்திலிருந்து ஒதுக்கிச் செய்யலாம்.

டர்போ மேல் ஆசை இருப்பதில் தவறில்லை. மாதம் 5,000 ரூபாய்க்கு இன்றே ஒரு ஆர்.டி. (மாதாமாதம் பணம் கட்டும் வங்கிச் சேமிப்பு) தொடங்குங்கள். இரண்டு வருடத்தில் 1,20,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். இந்தக் காரை விற்று வரும் பணத்தோடு சேர்த்து, கம்பெனியிலேயே டர்போ பொருத்தி வந்த பழைய கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டலாம். அதுவரை அந்த 90,000 இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.