இருமல் மருந்தால் பல் அடைப்பு கெடுமா?

ஐந்து மாதத்துக்கு முன் அடைத்த பல் மகளுக்கு ஓரத்தில் தேய்கிறது, தினமும் கொடுக்கும் சிரப் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணமாக இருக்கலாம். இரவில் பல் தேய்த்த பிறகுதான் மருந்து கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதையேதான் செய்தேன்.

2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் இங்கே மலேசியாவில், பினாங்கில் பள்ளிகளை மூடினார்களே, அப்போது என் மகனுக்கு 5 வயது. ஏற்கெனவே மூச்சிழுப்பு உள்ள பிள்ளை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டை அடைத்திருந்தோம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட்தான். பல்லோடு நன்றாக ஒட்டும், ஃபுளோரைடும் கொடுக்கும், ஆனால் புளிப்புக்கு அரிபடும். படுத்தாலே இருமுவான். பாதித் தூக்கத்தில் ஒரு கரண்டி மருந்தை ஊற்றிவிட்டு, தண்ணீர் கொடுத்தால் விழித்துவிடுவானே என்று அப்படியே விட்டுவிடுவேன்.

டிசம்பரில் பார்த்தால் அடைப்பைச் சுற்றிப் பழுப்புக் கோடு, மேலே சொரசொரப்பு. மிட்டாய் கொடுக்கிறீர்களா என்று பல் கிளினிக்கில் இரண்டு தடவை கேட்டார்கள். இல்லை என்றேன், யாரும் நம்பவில்லை. அடுத்த முறை வீட்டிலிருந்த மருந்து போத்தல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். வேறொரு பல் டாக்டர் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்: சிரப்பில் சீனியும் இருக்கிறது, சிட்ரிக் அமிலமும் இருக்கிறது. பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்; அது 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேலுள்ள கெட்டியான எனாமல் கரையத் தொடங்கும், பல சிரப்புகள் அதற்கும் கீழே. தூக்கத்தில் எச்சில் குறைவு, தூக்கம் வரவைக்கும் சளி மருந்து வாயை இன்னும் உலர்த்தும். அந்தப் பிசுபிசுப்பு விடிய விடியப் பல்லில்தான் இருக்கும். பல் நிறத்தில் இருக்கும் வெள்ளை காம்போசிட் அடைப்பு வைத்தாலும் மேற்பரப்பு சொரசொரப்பாகலாம், கறை பிடிக்கலாம். சீனி இல்லாத சிரப் நல்லதுதான், ஆனால் அதிலும் அமிலம் இருக்கலாம்.

மருந்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் டாக்டர் இல்லை. மூச்சுதான் முக்கியம். டாக்டரிடம் கேட்டுவிட்டு மருந்தை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன். உடனே வாய் கொப்பளிக்க வைப்பேன், அரை மணி நேரம் கழித்துத்தான் பல் தேய்ப்பான். ஆன்டிபயாட்டிக் நேரத்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளினிக்கில் சின்ன போத்தலில் ஊற்றி 'உபாட் பாத்தோக்' (மலாயில் இருமல் மருந்து) என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், உள்ளே சீனி இருக்கிறதா என்று ஒரு தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள்? அந்தப் பொங்கலுக்கு உறவுக்காரர்கள் எல்லார் முன்னாலும், "வேலைக்குப் போகிறவள், மிட்டாய் கொடுத்துப் பிள்ளையைச் சமாளிக்கிறாள்" என்று என் நாத்தனார் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. பழுதானது பல், பழி எனக்கு. "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்றும் சொன்னார்.

மறுபடி அடைத்த அந்த இரண்டு பற்களும் அவனுடைய 11 வயதில்தான் விழுந்தன. அதுவரை அவற்றால்தான் மென்று சாப்பிட்டான்.