ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்: கற்றல் கோட்பாடுகள் பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. மூன்றாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக, கற்றலை ஆராய்ந்த உளவியலாளர்களைப் பற்றிப் படித்தேன். பாவ்லவின் நாயையும் தார்ண்டைக்கின் பூனையையும் ஸ்கின்னரின் வலுவூட்டலையும் பியாஜேயின் நான்கு நிலைகளையும் வைகாட்ஸ்கியையும் மனப்பாடம் செய்து தேறினேன். வகுப்பறைக்குள் அவற்றில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஒன்று சொல்வதை மற்றொன்று மறுப்பதாகவும் தோன்றுகிறது. இவற்றுள் எது சரி? பயிற்சிக் கூட்டம் ஒன்றில், வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதை விட்டுவிடச் சொன்னார்கள். பிள்ளைகளோ கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள். என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

எது சரி என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் பிள்ளைகளின் கணக்கு நோட்டிலிருந்தே தொடங்குவோம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்பில் பலர் 25க்குப் பதில் 35 என்று எழுதுவார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை எடுத்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவு அன்று, ஏனெனில் அதே பிள்ளை 63இலிருந்து 38ஐக் கழிக்கும்போதும் பிசகாமல் 35 என்றே எழுதும்.

தவறான விடைக்குள் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைக் கண்டதிலிருந்துதான் பியாஜேயின் வாழ்நாள் ஆய்வே தொடங்கியது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாரிஸில் சிறுவர்களுக்கு அறிவுச் சோதனைகள் நடத்தும் வேலையில் இருந்த அவர், மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒரே வயதுப் பிள்ளைகள் ஏன் ஒரே மாதிரித் தவறுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். பிள்ளைகளின் சிந்தனை வளர்வதற்கு அவர் வகுத்த நான்கு நிலைகளின் பெயர்களைக் காட்டிலும் இந்தக் கேள்வியே ஆசிரியருக்கு அதிகம் பயன்படுவது என்பது என் உறுதியான கருத்து.

அந்தத் தவறு ஏன் வேரூன்றியது என்பதற்கு ஸ்கின்னரிடம் விடை இருக்கிறது. நற்பலன் கிடைத்த செயல் மீண்டும் மீண்டும் செய்யப்படும் என்பதே அவர் சொன்ன வலுவூட்டல். 48இலிருந்து 25 போன்ற கணக்குகளைப் பல வாரம் செய்த காலத்தில், பெரியதிலிருந்து சிறியதை எடுத்த ஒவ்வொரு முறையும் அப்பிள்ளைக்குச் சரிக்குறி கிடைத்தது. அந்தப் பழக்கத்தை நாமே வலுவூட்டியிருக்கிறோம். 1953இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்ற ஸ்கின்னர், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டியிருப்பதையும், செய்தது சரியா என்பது உடனே தெரியாமல் போவதையும் கண்டு வருந்தியே கற்பிக்கும் கருவியைச் செய்தார். சிறு சிறு படிகள், அவரவர் வேகம், உடனுக்குடன் விடை என்ற அவருடைய கொள்கையும், பொருளைக் கையாண்டு பிள்ளை தானே அறிவைக் கட்டுகிறது என்ற பியாஜேயின் கொள்கையும், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், படிகளை வரிசையாகக் காட்டும் ஏணியிலும் ஒவ்வொரு படிக்கும் உரிய செயல் அட்டைகளிலும் சேர்ந்தே இருந்தன. ஏட்டில் மோதிக்கொள்பவை வகுப்பறையில் எப்போதும் மோதுவதில்லை.

வைகாட்ஸ்கி 1934இல், 37 வயதிலேயே, காசநோயால் இறந்தவர். பிள்ளை தனியே எதைச் செய்கிறது என்பதோடு, உதவி கிடைத்தால் எதைச் செய்யும் என்பதையும் பாருங்கள் என்றார் அவர். "ரெண்டுலேருந்து ஏழை எடுக்க முடியுமா?" என்று கேட்டவுடன் ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்துத் திருத்திக்கொள்கிறது, இன்னொன்றுக்குப் பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே 35ஐ எழுதியவைதாம்.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வொன்று என்னை மிகவும் பாதித்தது. ஒரு தேங்காய் 35 என்றால் நான்கு தேங்காய் எவ்வளவு என்று கேட்டபோது, 12 வயதுச் சிறுவன் மூன்றுக்கு 105, அதனுடன் முப்பது, பிறகு ஐந்து என்று கூட்டி 140 என்று சரியாகச் சொன்னான். அதே 35 பெருக்கல் 4ஐக் காகிதத்தில் கொடுத்தபோது, நான்கு ஐந்து இருபது என்பதில் மீதி வந்த இரண்டை 35இன் மூன்றோடு முதலில் கூட்டி, பிறகு நான்கால் பெருக்கி 200 என்று எழுதினான். அறிவு அவனிடம் இருந்தது. பள்ளி கொடுத்த முறையோடு அது இணையவில்லை. உங்கள் பிள்ளைகளிடமும் 52 ரூபாய் கொண்டுபோய் 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள்.

வாய்ப்பாட்டை விட்டுவிட வேண்டாம். ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடியவை மிகச் சில என்பதை 1980களிலிருந்து கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் போன்றோரின் ஆய்வுகள் வலியுறுத்தி வருகின்றன. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து என்பதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பத்தாம் இடத்தில் ஒன்று குறைந்துவிட்டதை நினைவில் வைக்க இடமிருக்காது. பொருள் புரிந்தபின் மனப்பாடம் செய்வது சிந்தனைக்குத் துணையே.

நாற்பது நோட்டுகளையும் மதிப்பெண் இடாமல் ஒரு முறை தவறின் வகைப்படி அடுக்குங்கள். 24, 26 என்று எழுதியவர்களுக்கு முறை தெரியும். வேண்டியது பயிற்சியும் உடனடித் திருத்தமும். 35 எழுதியவர்களுக்குக் குச்சிக் கட்டும் காசும், தாம் செய்ததை உரக்கச் சொல்லும் வாய்ப்பும் வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்டவர்களிடம் புதுக் கணக்கைக் கொடுக்காதீர்கள். செய்து முடித்த கணக்குகள் இரண்டு மூன்றை அருகில் அமர்ந்து படிப்படியாகப் படிக்கச் செய்து, அடுத்த கணக்கில் கடைசிப் படியை மட்டும் அவர்களுக்கு விட்டுவையுங்கள்.

அன்புடன்.