கந்தகம் ஏறிய டி.என்.ஏ.

கேள்வி: டி.என்.ஏ.வின் முதுகெலும்பில், அதாவது சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த சங்கிலியில், கந்தகம் சேர்ந்தால், உலோக அயனிகளுடன் அதன் உறவு மாறுமா?

பதில்: மாறும். பாஸ்பேட்டில் சங்கிலியின் இணைப்பில் பங்கேற்காத இரண்டு ஆக்சிஜன் அணுக்களுள் ஒன்றின் இடத்தில் கந்தகம் அமர்ந்தால் பாஸ்போரோதயோயேட் உருவாகிறது. எதிர் மின்னூட்டம் அப்படியே இருந்தாலும், ஆக்சிஜனையே நாடும் மக்னீசியம் கந்தகத்தை ஏறக்குறையப் புறக்கணிக்க, காட்மியமும் பாதரசமும் அதை இறுகப் பற்றுகின்றன. ஆர்.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏ. நொதிகள் (நொதிபோல் வினையை விரைவுபடுத்தும் டி.என்.ஏ. இழைகள்) சிலவற்றில், வெட்டப்படும் இணைப்பில் இந்த ஓர் அணுவை மாற்றினாலே மக்னீசியத்துடன் வெட்டும் வேகம் வெகுவாகச் சரிந்து, காட்மியம் சேர்த்ததும் மீள்கிறது. உலோகம் தொடும் இடத்தை இப்படித்தான் துப்பறிகிறார்கள். ஆனால், வழக்கமான ஆய்வகத் தயாரிப்பில், பாஸ்பேட்டின் நடுவிலுள்ள பாஸ்பரஸ் அணுவில் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பம் போன்ற அமைவுடைய இரு வடிவங்கள் கலந்தே கிடைப்பதால், விளைவு எதனுடையது எனப் பிரித்தறிவது தொல்லைதான். மனிதக் கைவேலை என்று எண்ணப்பட்ட இந்த மாற்றம் பாக்டீரியாக்களில் இயற்கையாகவே இருப்பது 2007-இல் தெரியவந்தது. அங்கே ஒரே வடிவம் மட்டுமே காணப்படுகிறது.