சைவத்துக்கு மாறலாமா? மாறலாம், ஆனால் அந்த டப்பா வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 41, எடை 60 கிலோ. வாரத்தில் நான்கைந்து நாள் கறியோ மீனோ சாப்பிட்டு வளர்ந்தவள். போன மாதம் சிக்னலில் என் பக்கத்தில் ஒரு லாரி நின்றது. உள்ளே நெருக்கி அடைத்திருந்த ஆடுகளைப் பார்த்ததிலிருந்து கறி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. சைவமாகிவிடலாம் என்றால், "ஏற்கெனவே உனக்கு ரத்தம் கம்மி, படுத்துவிடுவாய்" என்கிறார்கள் வீட்டில். சென்ற வருடம் ஹீமோகுளோபின் 11.2. நெஞ்செரிச்சலுக்கு மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன். சைவமானால் புரோட்டீன் பவுடர் இல்லாமல் முடியாது என்று ஜிம் பயிற்சியாளர் ஒரு டப்பாவும் ஆறு மாத டயட் பிளானும் கொடுத்திருக்கிறார், முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்றும் எடுக்கச் சொல்கிறார். மாறலாமா, டாக்டர்?

பதில்: மாறலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதிலைத் தேடி நீங்கள் கடைசிப் பத்திக்கு ஓடிவிடுவீர்கள்.

கறி சாப்பிடுவது சரியா தவறா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த லாரியைப் பார்த்தது நீங்கள். உங்கள் உடம்பு இதற்கு ஒத்துழைக்குமா என்பதை மட்டும்தான் நான் சொல்ல முடியும். ஒத்துழைக்கும், இரண்டு விஷயங்களை முதலில் சரிபார்த்துவிட்டால்.

முதலாவது, அந்த 11.2. அதைக் காட்டித்தானே உங்களைப் பயமுறுத்துகிறார்கள்? ஆனால் அது வாரத்தில் ஐந்து நாள் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்த எண். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. கறி உங்களைக் காப்பாற்றியிருந்தால் 13 இருந்திருக்க வேண்டுமே! ரத்தம் எங்கோ ஒழுகலாம், அல்லது சாப்பிடுகிற இரும்புச்சத்து உள்ளே போகாமல் இருக்கலாம். உங்கள் வயதில் நான் முதலில் கேட்பது மாதவிடாய்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா? ஆமாம் என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இல்லை என்றால் வயிற்றைப் பார்க்க வேண்டும். மூன்று வருட நெஞ்செரிச்சலும் ரத்தசோகையும் ஒரே ஆளிடம் இருப்பதை நான் சும்மா விடமாட்டேன், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் நாளைக்கே போய்க் காட்டுங்கள். ஒரு வருடமாக இந்தக் கேள்வியை யாருமே உங்களிடம் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. சீட்டில் இரும்பு மாத்திரை எழுதுவதற்கு அரை நிமிடம் போதும், மாதவிடாய் பற்றிக் கேட்கப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை இன்றைய மருத்துவம் யாருக்கும் தருவதில்லை.

சைவத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. பருப்பு, பயறு, கீரை, எள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் கறியில் இருக்கிற இரும்பு அளவுக்கு அது சுலபமாக உடம்பில் சேராது. அதனால்தான் சைவர்களுக்கு இரும்பு 1.8 மடங்கு தேவை என்று கணக்குப் போடுகிறார்கள். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டு பழக்கம் போதும். சாப்பாட்டோடு எலுமிச்சை, தக்காளி, கொய்யா மாதிரி வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி இல்லை. எத்தனை கீரை தின்றாலும் கடைசி வாயோடு டீயைக் குடித்தால் பாதிக்கு மேல் வீண்.

இரண்டாவது விஷயம் பி12. இதில்தான் உங்கள் நெஞ்செரிச்சல் மாத்திரை வந்து நிற்கிறது, கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியாக்கள். செடிகளில் அது கிடையாது. கறி, மீன், பால், முட்டை வழியாகத்தான் நமக்கு வருகிறது. ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், கண்ணுக்கே தெரியாத அளவு. உணவில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிரித்துவிடுவது வயிற்று அமிலம். நீங்களோ அந்த அமிலத்தைத்தான் மூன்று வருடமாக மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறீர்கள் (உங்களுடையது பெரும்பாலும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகையாக இருக்கும், அட்டையைப் பாருங்கள்). ஆக, கறி சாப்பிட்டபோதே உங்களுக்குப் பி12 அரையும் குறையுமாகத்தான் கிடைத்திருக்கலாம். மற்றவர்களுக்குக் கல்லீரலில் சில வருடங்களுக்குத் தாங்குகிற சேமிப்பு இருக்கும், அதனால் சைவமாகி இரண்டு மூன்று வருடம் ஒன்றுமே தெரியாது. "பார்த்தாயா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் பலரும் அந்தச் சேமிப்பில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான், வழி வேறு, முடிவு ஒன்று.

அதற்காக நெஞ்செரிச்சல் மாத்திரையை இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரந்து இரண்டு வாரம் படுத்தும். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று பாருங்கள், பலருக்கு எட்டு வாரத்துக்கு என்று ஆரம்பித்த மாத்திரை எட்டு வருடம் ஓடுகிறது, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல். நல்ல செய்தி ஒன்று: மாத்திரையாக வரும் பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை, அதைப் பிரிக்க அமிலம் வேண்டாம். எனவே கறியை நம்பியிருந்ததைவிட மாத்திரையை நம்புவது உங்கள் விஷயத்தில் மேல்.

எவ்வளவு? பாலையும் முட்டையையும் வைத்துக்கொள்வீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 1.2 மைக்ரோகிராம், முட்டையில் அரை. ஆனால் உங்கள் அமில விவகாரத்தில் அதை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் விடுகிறவர்களுக்குப் பிரிட்டனின் வீகன் சொசைட்டி சொல்வது, தினம் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்தில் 2000. ஏன் இந்த விசித்திரக் கணக்கு? குடல் ஒரு தடவைக்குச் சுமார் 2 மைக்ரோகிராமைத்தான் வாசலில் வாங்கி உள்ளே அனுப்பும். மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் இடுக்கு வழியாக நுழையும். அதனால் அட்டையில் 1000 என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம், 5000 போட்டால் ஐந்து மடங்கு தெம்பு என்று யாராவது விற்றால் வாங்கவும் வேண்டாம். தனி பி12 மாத்திரை மலிவு. அதனாலேயே அதை யாரும் உங்களிடம் கூவி விற்பதில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர், ஆறு வருடமாகப் பால்கூடத் தொடாதவர். என் அறைக்கு வந்தபோது அவர் வலது காலில் செருப்பு இல்லை. படியிலேயே கழன்று விழுந்திருக்கிறது, காவலாளி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. உள்ளங்கால் அவ்வளவு மதமதப்பு. அதற்கு முந்தைய ஒரு வருடமாக அவருக்கு ஒரு டானிக் கொடுத்திருந்தார்கள், இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. ஹீமோகுளோபின் 9-லிருந்து 12-க்கு ஏறியது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் ஃபோலிக் அமிலம் செய்யும் தந்திரமே அதுதான். பி12 குறைவால் வந்த ரத்தசோகையை அது சரிசெய்துவிடும், அதே குறைவு நரம்பை அரிப்பதை நிறுத்தாது. ரத்தப் பரிசோதனை அழகாக இருக்கும், கால் போய்க்கொண்டிருக்கும். பி12 ஊசி போட்டதில் அவருக்கு முக்கால்வாசி சரியானது. மிச்சக் கால்வாசி திரும்பவே இல்லை. அதனால், ரத்தம் கம்மி என்று உங்களுக்கு யாராவது டானிக் எழுதினால், பி12 பார்த்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பரிசோதனை பேக்கேஜ். எண்பது தொண்ணூறு சோதனை என்று பட்டியல் நீளமாக இருக்கும், நமக்கு வேண்டிய ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் சோதனை) அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பல பேக்கேஜில் இருக்காது. உங்களுக்குத் தேவை மூன்றுதான்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12. தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். "தனியாக எடுத்தால் செலவு கூடும், பேக்கேஜ்தான் லாபம்" என்று கவுன்டரில் சொல்வார்கள், சொல்லட்டும். தேவையில்லாத எழுபது சோதனையில் ஏதாவது ஒன்று ஒரு புள்ளி தள்ளி வரத்தான் செய்யும், அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நான்கு சோதனை. பேக்கேஜின் லாபம் யாருக்கு என்று புரிகிறதா? இன்னொன்று, பி12 அளவு 210 என்று வந்தால் பக்கத்தில் "நார்மல்" என்று அச்சாகியிருக்கும். 200-க்கும் 300-க்கும் நடுவில் இருப்பது எல்லைக்கோடு, நார்மல் இல்லை. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, அதை ஓடிக்கொண்டே பார்க்கிறவர்களும் கவனிப்பதில்லை.

புரதத்தைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், உங்களுக்கு 48 கிராம். வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் 18, கொண்டைக்கடலை ஒரு கப்பில் 15, ஒரு டம்ளர் பாலில் 8, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. கூட்டிப் பாருங்கள், சரியாக 48 வந்துவிட்டது, தானியத்தை இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. பருப்பையும் தானியத்தையும் ஒரே வேளையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதுவும் இப்போது இல்லை, நாள் முழுவதற்குமாகச் சேர்ந்தால் சரி.

அந்த டப்பாவை எடுத்து விளம்பரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். இப்படி ஒன்றை ஒருவர் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். முன்பக்கம் பச்சை இலை, "இயற்கைப் பி12" என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில், அந்தப் பி12 எங்கிருந்து வருகிறதென்றால் சுருள்பாசியிலிருந்து, அதாவது ஸ்பைருலினா. அதில் இருப்பது பெரும்பாலும் போலிப் பி12. பார்ப்பதற்கு அதே மாதிரி, மனித உடம்பில் வேலை செய்யாது. வாங்கியவர் இரண்டு வருடமாக அதை நம்பி வேறு மாத்திரை போடவில்லை. விற்றவருக்கு டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன், அதை அவரே பெருமையாகச் சொன்னாராம். உங்கள் பயிற்சியாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு குறையைக் கண்டுபிடிப்பவரே அதற்கு மருந்தையும் விற்றால், குறை கண்டுபிடிக்கப்படாமல் போகுமா?

லாரி ஆடுகளுக்காகத்தான் மாறுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டுத்தோல், எலும்பு, பன்றித்தோல் இதிலிருந்து எடுப்பது. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் எண்ணெயிலிருந்து வருகிறது. சில சீஸ்களில் கன்றின் வயிற்றுச் சுரப்பு, சில சிவப்பு இனிப்புகளில் இ120 என்ற பெயரில் பூச்சியின் சாயம். மாத்திரை உறை காய்கறி நாரில் செய்ததா என்று கேட்டு வாங்கலாம். எங்கே கோடு போடுவது என்பது உங்கள் பாடு.

சைவமானால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று ஒரு கூட்டம், உதிர்ந்துபோவாய் என்று இன்னொரு கூட்டம். பிரிட்டனில் சுமார் 48,000 பேரை 18 வருடம் பின்தொடர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்கில், சைவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். முதல் பாதியை ஒருவர் கிழித்துக்கொண்டு போவார், இரண்டாவதை மற்றவர். நான் அதைவிட அதிகமாகப் பார்ப்பது, கறி இருந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதைத்தான். ரொட்டியும் வறுவலும் பிஸ்கட்டும் உட்கார்ந்தால் அதுவும் சுத்த சைவம்தான், இடுப்பில் தெரியும்.

எப்படி ஆரம்பிப்பது என்றால், டப்பாவிலும் பாக்கெட்டிலும் வரும் பதப்படுத்திய இறைச்சியை முதல் வாரமே நிறுத்துங்கள், குடல் புற்றுநோய்க் காரணங்களில் அது உறுதியானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-இலேயே சொல்லிவிட்டது. மற்ற கறி, மீனை ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். பயறைத் திடீரென்று அதிகமாக்கினால் வாயு பிடிக்கும். உங்களுக்கு ஏற்கெனவே வயிறு சரியில்லை, இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், அரைக் கப்பில் ஆரம்பியுங்கள்.

பி12 மாத்திரையைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு ஆரம்பியுங்கள், முன்னால் போட்டால் எண் பொய் சொல்லும். முடிவு வந்ததும் "நார்மல்" என்ற சொல்லை விட்டுவிட்டு மூன்று எண்ணையும் எழுதி அனுப்புங்கள், மாதவிடாய்க் கேள்விக்குப் பதிலும் சேர்த்து. டப்பாவின் மூடி இன்னும் பிரிக்கவில்லை என்றால், பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.