சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விருதுநகரிலிருந்து தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றுக்கு ஆங்கில இலக்கியம் படிக்க வந்து, இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள். பள்ளி நாளிலிருந்தே தமிழில் கதை எழுதுகிறீர்கள். எழுத்துப் போட்டி, இன்டர்ன்ஷிப், புத்தகம் வெளியிடும் வாய்ப்பு இவற்றையெல்லாம் இந்த ஊரில் எங்கே தேடுவது, இந்தி சரளமாக வராதது தடையாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தொகுப்பு நூலில் உங்கள் கதையைச் சேர்க்க ஞாயிற்றுக்கிழமைக்குள் 1,200 ரூபாய் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

ஞாயிறு நெருங்குவதால் முதலில் அதைச் சொல்கிறேன். கட்டாதீர்கள்.

நான் தில்லியில் குடியேறிப் பல காலமாகிறது, பிழைப்பும் பதிப்புத் துறையில்தான். அதனால் இந்த வியாபாரம் நடக்கும் விதம் தெரியும். ஐம்பது மாணவர்களிடம் ஆளுக்கு 1,200 வாங்கினால் 60,000 ரூபாய் ஆகிறது. அந்தப் பணம் கைக்கு வந்த பிறகுதான் புத்தகம் என்ற பேச்சே எழும். கதைகளை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, திருத்துவதும் இல்லை. பிழையோடு போனது பிழையோடே அச்சாகிறது. வாங்குவதும் எழுதியவர்களும் அவர்களுடைய அத்தை மாமாக்களும்தான். ஐ.எஸ்.பி.என். எண் உண்டு என்று பெரிதாகச் சொல்வார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அந்த எண்ணை இலவசமாகவே தருகிறது. ஒரு நூலை அடையாளம் காணத்தான் அந்த எண். நூலின் தரத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. இன்டர்ன்ஷிப்புக்கு 'முன்பணம்' கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும்.

எனக்கு வரும் விண்ணப்பங்களில் சில பிள்ளைகள் இப்படிப்பட்ட 'இணை ஆசிரியர்' சான்றிதழ்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருப்பார்கள். வீட்டில் எண்ணி எண்ணி அனுப்பிய பணம் இப்படிப் போயிருக்கிறதே என்று மனம் வலிக்கும். அந்தச் சான்றிதழை வைத்து எந்தப் பதிப்பாசிரியரும் ஒருவரை வேலைக்கு எடுத்து நான் பார்த்ததில்லை.

சரி, எதை வைத்து எடுப்பார்கள்? அதற்கு முன் இந்த ஊரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தில்லியில் ஆங்கிலத்தில் கவிதை எழுதும் மாணவர்களுக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் வகுப்பிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். தமிழை நன்றாகப் படிக்கத் தெரிந்து, ஆங்கிலத்தையும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த இருபது வயதுப் பிள்ளைகள்தான் இங்கே அரிது. அவர்களுக்கு இங்கே வேலையும் இருக்கிறது. மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் இருக்கும் சாகித்திய அகாதெமி 24 மொழிகளுக்கானது. வசந்த் குஞ்சில் உள்ள நேஷனல் புக் டிரஸ்ட் 1957 முதல் பல இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டு வருகிறது, தமிழும் அதில் உண்டு. இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து வெளியிடும் கதா, ஜுபான் போன்ற தனியார் பதிப்பகங்களும் இங்கேதான் இருக்கின்றன. இவர்களுக்கு ஒரு தமிழ் நூல் வந்தால், படித்துப் பார்த்து 'இது எப்படி' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மொழிபெயர்ப்பு வந்தால், மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு விடுபட்ட பத்தியைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக உங்களை ஆக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம். கதை எழுதுவதை விடச் சொல்லவில்லை. கதையும் எழுதுங்கள், மொழிபெயர்ப்பிலும் கையை வையுங்கள்.

இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். 'மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி' என்று ஒரே மின்னஞ்சலை நாற்பது பதிப்பகங்களுக்கு ஒன்றாகத் தட்டிவிடுவார்கள். பெறுநர் இடத்தில் நாற்பது முகவரியும் வரிசையாகத் தெரியும். முதல் வரியோடு அதை மூடிவிடுவோம். போன ஆண்டு ஒரு மாணவி மூன்றே இணைப்புகளோடு எழுதியிருந்தார்: ஒரு தமிழ்ச் சிறுகதையின் முதல் பக்கம், அதற்கு அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, எந்தெந்த இடத்தில் தடுமாறினார், ஏன் அந்த முடிவை எடுத்தார் என்று அரைப் பக்கக் குறிப்பு. மொழிபெயர்ப்பு சுமார்தான். அந்த அரைப் பக்கத்தைப் படித்ததும் இவரை விடக் கூடாது என்று தோன்றியது. தன் வேலையைத் தானே நின்று பார்க்கத் தெரிந்தவர் என்பது அதில் தெரிந்தது. அதே வாரம் வரச் சொன்னோம்.

எழுதும்போது, அந்தப் பதிப்பகம் வெளியிட்ட நூல்களில் ஒன்றையாவது படித்துவிட்டு அதைப் பற்றி இரண்டு வரி சேருங்கள். எந்த மாதங்களில் வர முடியும், வாரத்துக்கு எத்தனை நாள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கோடை விடுமுறைக்கு மார்ச் மாதமே எழுதிவிடுவது நல்லது. உதவித்தொகை உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை அது. பெரும்பாலும் குறைவாகத்தான் தருவார்கள், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. மெட்ரோச் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்கூடத் தராத இடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்காதீர்கள்.

சேர்ந்தால் என்ன வேலை இருக்கும் என்று கேட்பீர்கள். திருத்திய மெய்ப்பையும் (அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் படி) புது மெய்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பு மையில் குறித்ததெல்லாம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. அடிக்குறிப்பு எண்கள் வரிசையாக வருகின்றனவா, பக்கத் தலைப்பில் அத்தியாயப் பெயர் மாறியிருக்கிறதா என்று சரிபார்ப்பது. குவிந்து கிடக்கும் கையெழுத்துப்படிகளில் ஒன்றைப் படித்து ஒரு பக்கத்தில் கருத்து எழுதுவது. சலிப்பாகத் தோன்றும். ஆனால் மற்றவர்களுடைய கையெழுத்துப்படிகளில் எங்கே நம் கவனம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான், நம் கதையில் எங்கே வெட்ட வேண்டும் என்பது பிடிபடுகிறது. எந்த வகுப்பிலும் இது கிடைக்காது.

மொழிபெயர்ப்புக்குக் கதையை எப்படித் தேர்ந்தெடுப்பது? பயிற்சிக்கு எதையும் எடுக்கலாம். வெளியிட வேண்டுமானால் எழுத்தாளரின் அனுமதி வேண்டும், அவர் இல்லை என்றால் வாரிசின் அனுமதி. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்து இப்போது யாரையும் கேட்காமல் மொழிபெயர்க்கக் கூடியது. இது போக, தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய, அதாவது யாரும் வெளியிடலாம் என்று பொதுவாக்கிய எழுத்தாளர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அது பெரிய வாசல். அந்த நூல்களில் நிறைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன, விடுதி அறையிலிருந்தே படிக்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பு தேறி வந்தால் அனுப்ப, சாகித்திய அகாதெமியே 'இந்தியன் லிட்டரேச்சர்' என்ற இருமாத இதழை 1957 முதல் நடத்துகிறது.

இனிப் போட்டிகள். உங்களுக்கு நேராகப் பொருந்துவது காமன்வெல்த் சிறுகதைப் பரிசு. லண்டனில் உள்ள காமன்வெல்த் ஃபவுண்டேஷன் 2012 முதல் நடத்துகிறது. நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத விஷயம், கதையைத் தமிழிலேயே அனுப்பலாம் என்பது. ஆங்கிலம் அல்லாத சில மொழிகளை ஏற்கிறார்கள், தமிழ் அதில் ஒன்று. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், கதை 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் இருக்க வேண்டும், கட்டணம் கிடையாது. வட்டாரப் பரிசு 2,500 பவுண்டு, ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 5,000 பவுண்டு. வழக்கமாகச் செப்டம்பரில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். கதை முன்பே எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. இணையத்தில் போட்டதை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்பதை அந்த ஆண்டு விதிகளில் பாருங்கள். அதுவரை உங்கள் நல்ல கதையை ஆசைப்பட்டு முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பி.எம். யுவா எனப்படும் இளம் எழுத்தாளர் வழிகாட்டுத் திட்டம். 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2021-இல் தொடங்கியது. நேஷனல் புக் டிரஸ்ட் நடத்துகிறது. தேர்வானவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் உதவித்தொகை, ஒரு மூத்த எழுத்தாளரின் வழிகாட்டல், நூல் வெளியானால் 10 சதவீத ராயல்டி. தமிழிலும் எழுதலாம். ஆண்டுதோறும் வரும் என்று எண்ண வேண்டாம், அறிவிப்பு வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். தலைப்பை அவர்களே கொடுப்பார்கள். முதல் சுற்றில் விடுதலைப் போராட்டம், இரண்டாவதில் ஜனநாயகம், 2025-இல் வந்த மூன்றாவதில் நவீன இந்தியாவை உருவாக்கியவர்கள் என்பதும் ஒன்று. இங்கே விருதுநகர்க்காரர் என்பதே உங்களுக்குப் பலம். தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்று 1956-இல் உண்ணாவிரதமிருந்து உயிரைக் கொடுத்த சங்கரலிங்கனார் உங்கள் ஊரில்தான் அந்த விரதத்தை இருந்தார். தில்லியில் உட்கார்ந்து தேர்வு செய்பவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? உங்கள் தாத்தா தலைமுறையில் அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கக்கூடும். விடுமுறைக்கு ஊர் போகும்போது போய்க் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு, வெளியான நூலுக்கு. அது இப்போதைக்கு வேண்டாம். கல்லூரி விழாக்களில் நடக்கும் எழுத்துப் போட்டிகளில் கலந்துகொள்ளுங்கள், கை பழகும்.

எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். 'அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் அமைப்பாளர்களுக்கே உரியவை' என்று ஒரு வரி அடியில் ஒளிந்திருக்கும். வெற்றி பெறாத கதையும் அவர்களுக்கே போய்ச் சேரும் என்று பொருள். அப்படி ஒரு வரி இருந்தால் அந்தப் போட்டியே வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவை ஒரு தடவை படித்துவிடுங்கள், பெரிய பிரிவு இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்தில்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு, எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இந்த இரண்டும் தெரிந்திருந்தால், நாளைக்கு ஒருவர் ஒப்பந்தத்தை நீட்டும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

இந்தி பற்றிக் கேட்டீர்கள். ஆங்கிலப் பதிப்பகங்களில் வேலை ஆங்கிலத்தில் நடக்கும், தேநீர் நேரத்துப் பேச்சு இந்தியில் இருக்கும். ஒரு வருடத்தில் காது பழகிவிடும். பேசுங்கள், தப்பானால் திருத்துவார்கள், யாரும் கோபப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல்கலைக்குப் பக்கத்திலேயே முடங்காமல், விஸ்வவித்யாலயா நிலையத்தில் மஞ்சள் பாதையில் ஏறிக் காஷ்மீரி கேட்டில் ஊதாப் பாதைக்கு மாறித் தில்லி கேட்டில் இறங்குங்கள். தரியாகஞ்ச் ஞாயிற்றுப் பழைய புத்தகச் சந்தை 2019-க்குப் பிறகு அங்கே மகிளா ஹாட்டில் நடக்கிறது. எடைபோட்டு விற்கும் கடைகளும் உண்டு. மூட்டையைக் கிளறினால் நல்ல அகராதியும், பழைய மொழிபெயர்ப்பு நூல்களும் அகப்படும். தமிழில் படிக்க ஆர்.கே.புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1946-இல் தொடங்கிய சங்கம். அங்கே போனால் எழுதுகிற நாலு பேரை நேரில் பார்க்கலாம், அறிமுகம் செய்துகொள்ள வெட்கப்படாதீர்கள். உலகப் புத்தகக் காட்சி ஜனவரி அல்லது பிப்ரவரியில் பாரத் மண்டபத்தில் நடக்கும். அந்த நாட்களில் அரங்கில் நிற்க மாணவர்களைத் தேடும் பதிப்பகங்கள் உண்டு. டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள்.

தேர்வு முடிந்ததும் ஒரு கதையின் முதல் பக்கத்தை மொழிபெயர்த்து, அந்த அரைப் பக்கக் குறிப்போடு எனக்குத் தனியாக அனுப்புங்கள். கதையின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படித்துத் திருத்தம் சொல்கிறேன். தேறியதும் எந்தப் பதிப்பகத்துக்கு முதலில் அனுப்பலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம்.